நாலாம் நிரை

வெள்ளவத்தை
2025 மே 5, திங்கள்

என்ட தம்பி பிறெடிக்கு,

நீ சுகமாய் இருக்கவேணும் எண்டு மாதாவிட்டக் கேட்டுக்கொண்டு எழுதுறன். உன்ட போனைத் தண்ணி ஓடுற கானுக்க போட்டுட்டாய் எண்டு லொறி றைவர் சொன்னார். விழுந்ததோ, எறிஞ்சதோ எண்டு நான் அவரிட்டக் கேக்கேல்லை. உன்னை எனக்குத் தெரியும். எப்பிடியும் அவிசாவளை தாண்டினால் அங்க சிக்னலும் இல்லையாம். அதால இனி மண் சாம்பிளும் தண்ணிப் போத்திலும் வாற பெட்டிக்குள்ளயே கடிதத்தை வை. வெறும் பெட்டி திரும்பி வரேக்க நானும் வைக்கிறன்.

போன வருசம் நீ போன நேரம் நான் சொன்னதை அரைக் காதால கேட்டிருப்பாய். அதால திரும்ப எழுதுறன். நாலு நிரை தேயிலை. முதல் நிரைக்குக் கல்லுமா மட்டும். ரெண்டாவதுக்குக் கரி மட்டும். மூண்டாவதுக்கு ரெண்டும். நாலாவதுக்கு ஒண்டுமே இல்லை. அந்தக் கல்லுமா இந்தியாவில இருந்து கப்பலில வந்த எரிமலைக் கல்லை அரைச்ச மா. மழைத் தண்ணியோட சேந்து, காத்தில கிடக்கிற கரியமில வாயுவைப் பிடிச்சுக் கரைச்சு ஆத்தோட கடலுக்கு அனுப்பும். கரி எண்டது கவ்வாத்து வெட்டின கிளையை மூட்டம் போட்டுச் சுட்டது. மரம் குடிச்ச வாயுவைத் திரும்பக் காத்துக்கு விடாமல் மண்ணுக்க வைச்சிருக்கும். ரெண்டையும் சேத்துப் போட்டால் ஒண்டுக்கொண்டு கை குடுக்குமோ, ஒண்டை ஒண்டு கெடுக்குமோ, அதுதான் எங்கட கேள்வி. நாலாம் நிரை எங்களுக்கு அளவுகோல். அதில கை வைச்சால் ஒன்பது மாசமும் வீண்.

மண் எடுக்கிற குழாயைத் தண்ணியில கழுவாதை. காஞ்ச துணியால துடை, போதும். உன்ட பெட்டி வந்தால் சாம்பிள் கொப்பியில திகதியும் நேரமும் கொண்டு வந்த ஆளின்ட பேரும் எழுதிக் கையெழுத்து வைக்கிறன். இந்தக் கடிதத்துக்கும் கார்பன் தாள் வைச்சுத்தான் எழுதுறன். சிரிக்காதை, லாபில பழகின பழக்கம்.

யூன் முடிவில வெளிநாட்டில இருந்து காசு போடுற ஆக்கள் வருகினம். எங்கட கணக்குச் சரி வந்தால் முந்நூறு ஏக்கருக்குப் போகும், உன்ட வேலையும் நிரந்தரம். துறைமுகத்தில சுப்பர்வைசருக்கு அறைஞ்சு வேலையைத் துலைச்ச உனக்காக, ஹெவ்லொக் டவுன் ஒப்பீசில எங்கட பெரியவ டில்ஷானி மிஸ்ஸுக்கு முன்னால நான் எவ்வளவு பல்லிளிச்சனான் எண்டு உனக்குத் தெரியாது. இது கடைசி. இதுக்குப் பிறகு உனக்காகக் கேக்க எனக்கு முகம் இல்லை.

உன்ட காதைத் திருகி வளத்த அக்கா,
இமெல்டா


தோட்டம்
2025 மே 11, ஞாயிறு

அக்கா,

உன்ட கடிதத்தில பாசம் ஒரு வரி, ஏச்சு ரெண்டு பக்கம். இருந்தாலும் ரெண்டு தரம் வாசிச்சன். இங்க வாசிக்க வேற ஒண்டும் இல்லை.

மழை விடேல்லை. அட்டை சொக்சுக்குள்ளால ஏறி முழங்கால் வரைக்கும் வருது. கல்லுமா மூக்குக்க போய், தும்மினால் கறுப்பாய் வருது. பூசைக்கு மூண்டு மைல் நடக்கவேணும், போகேல்லை. கொட்டாஞ்சேனையில இருந்தால் இந்நேரம் மச்சான் கிளைவோட இருந்து றால் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருப்பன்.

மூட்டத்தைப் பாக்கிறது சுடலைமுத்து எண்டு ஒரு ஆள். அறுபதுக்குக் கிட்ட வரும். நல்ல வேலைக்காரன். புகையின்ட நிறத்தைப் பார்த்தே கரி பதமோ இல்லையோ எண்டு சொல்லுவான். ஆனால் வாய் சும்மா இராது. முந்தநாள் என்னட்ட வந்து, "ஏன் சார், அந்த நாலாவது நெரைக்கு மட்டும் ஒண்ணும் போட மாட்டேங்குறீங்க? அது என்ன பாவம் பண்ணுச்சு?" எண்டு கேக்கிறான். அவன்ட பெஞ்சாதி பழனியம்மா அந்த நிரையிலதான் கொழுந்து எடுக்கிறது. அவவும் கேக்கிறா. நான் என்ன சொல்ல? அளவுகோல் எண்டால் விளங்குமோ?

இன்னொண்டு. போன கிழமை ஒருத்தன் கல்லுமாச் சாக்கை மழையில நனைய விட்டுட்டான். பன்னிரண்டு சாக்கு கட்டிபட்டுப் போச்சு. கன்னத்தில ஒண்டு வைச்சன். சின்ன அறைதான். அதுக்குப் பிறகு ஒரு சாக்கும் நனையேல்லை. கை பேசினால்தான் காது கேக்கும் எண்டு அப்பா சொல்லுறது சரியாய்த்தான் இருக்கு.

அடுத்த பெட்டியில ரெண்டு சொக்ஸ் வை. தடிச்சதாய் வை.

பிறெடி


வெள்ளவத்தை
2025 மே 19, திங்கள்

தம்பி,

சொக்ஸ் மூண்டு சோடி வைச்சிருக்கிறன். சித்தாலேப்பத் தைலமும் கிடக்கு. அட்டை கடிச்ச இடத்தைச் சொறியாதை.

அறைஞ்சதைப் பெருமையாய் எனக்கு எழுதாதை. அப்பா பெல்ட்டைக் கழட்டுற சத்தம் கேட்டால் நாங்கள் ரெண்டு பேரும் கட்டிலுக்குக் கீழ பூந்தது மறந்துபோச்சோ? உனக்கு நாலு வயசு. நீ அழுதால் அவருக்குக் கேக்கும் எண்டு உன்ட வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தனான். நீ என்ட உள்ளங்கையைக் கடிச்சாய். அடையாளம் இன்னும் இருக்கு. அப்பாட கை உனக்கு வந்திட்டுது. அப்பாட வாய் எனக்கு வந்திட்டுது. நான் ஏசினால் லாபில பெட்டையள் அழுறாளவை, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் வாயால ஒருத்தருக்கும் எலும்பு முறியாது. கையைக் கட்டிக்கொண்டிரு.

நாலாம் நிரை பற்றி ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கப்படுத்தாதை. ஏன் எண்டு தெரிஞ்சால் ஆக்களின்ட கை தன்பாட்டில மாறும், ஒண்டைக் கூடுதலாய்க் கவனிக்கும், ஒண்டை விடும். கேட்டால், கொழும்பில இருந்து வந்த ஓடர் எண்டு சொல்லு. அதுக்கு மேல கதை வேண்டாம்.

அன்போட,
அக்கா


வெள்ளவத்தை
2025 யூன் 2, திங்கள்

பிறெடி,

இதை இருந்துகொண்டு வாசி.

போன பெட்டியில வந்த தண்ணியை நான் மூண்டு தரம் சோதிச்சன். நாலு நிரையின்ட தண்ணிக்கும் அசிட்டைச் சொட்டுச் சொட்டாய் விட்டு, நிறம் மாறுற இடத்தைப் பாக்கிறனாங்கள். கல்லுக் கரைஞ்ச தண்ணி எண்டால் கனக்கச் சொட்டுக் குடிக்கும். ஒண்டும் போடாத தண்ணி உடன மாறும். நாலாம் நிரை உடன மாறவேணும். மாறேல்லை. விட விடக் குடிக்குது. மூண்டாம் நிரையை விடக் கூடக் குடிக்குது. ஒண்டும் போடாத நிரை, ரெண்டும் போட்ட நிரையை வெல்லுது. பழைய போத்தில்களை எடுத்துப் பார்த்தன். ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமாய் ஏறிக்கொண்டு வந்திருக்கு, நான் என்ட கண்ணை நம்பாமல் விட்டிருக்கிறன்.

டில்ஷானி மிஸ் மேசையில ஓங்கிக் குத்தினதில தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைஞ்சது. "உன்ட தம்பி எங்களை விக்கிறானோ?" எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டவ. பதினேழு வருசமாய் இந்த வேலை செய்யிறன். ஒருத்தரும் என்னை அப்பிடிக் கேட்டதில்லை. உன்னை வேலையில பிடிச்சு வைச்சதுக்காகத்தான் நான் அதைக் கேட்டுக்கொண்டு நிண்டனான்.

ஆரோ ஒருத்தன் அந்த நிரையில கொட்டுறான். எங்களைக் கெடுக்கவெண்டு வேணுமெண்டு செய்யிறான். நீ என்ன செய்யிறாய் அங்க? நித்திரையோ? அந்த நிரைக்குப் பக்கத்தில கிட. பகல் முழுக்கக் கிட. பிடிபடுறவன் ஆராயிருந்தாலும் கையை முறிச்சு விடு. பிறகு வாற கேள்விக்கு நான் பதில் சொல்லுறன்.

புது உருக்குக் குழாய் ஒண்டு பெட்டிக்குள்ள அனுப்புறன். நாலாம் நிரையில பத்து இடத்தில ஆழமாய்க் குத்தி மண் எடுத்து அனுப்பு.

இமெல்டா


தோட்டம்
2025 யூன் 7, சனி

அக்கா,

ஆளைப் பிடிச்சிட்டன். சுடலைமுத்துதான்.

நேற்று வெள்ளிக்கிழமை பகல், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், ஒரு கூடையோட வந்தான். கூடையில கரியும் கல்லுமாவும். நாலாம் நிரையின்ட ஒவ்வொரு செடிக்கும் அடியில குந்தி இருந்து போட்டான். நான் சத்தம் போட்டன். அவன் பயந்து எழும்பி ஓடினான். கான் ஓரம் வழுக்கல். கால் தவறி விழுந்தான். தலையில அடி. லொறியில போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினனாங்கள். உயிர் இருக்கு, கண் முழிக்கேல்லை எண்டு சொல்லுகினம்.

என்ட கண்ணுக்கு முன்னால நடந்தது. வேற ஒருத்தரும் பக்கத்தில இல்லை. ஆக்கள் ஏதும் கதைப்பினம், நம்பாதை. தோட்டத்து ஆக்களுக்குக் கதை வேணும்.

இனி உன்ட கணக்குச் சரி வரும். டில்ஷானி மிஸ்ஸிட்டச் சொல்லு, பிறெடி பிடிச்சிட்டான் எண்டு.

மண் பத்துப் பையும் பெட்டிக்க கிடக்கு. குழாயையும் திருப்பி அனுப்புறன்.

பிறெடி


வெள்ளவத்தை
2025 யூன் 9, திங்கள்

பிறெடி,

பெட்டி சனிக்கிழமை பின்னேரமே வந்தது. பத்துப் பை மண்ணும் சரி. ஆனால் குழாயை ஏன் கழுவினாய்?

நீ இந்த வேலைக்குப் போய் ஒன்பது மாசம். முந்தின குழாய் ஒருநாளும் கழுவி வரேல்லை. சேறு காஞ்சு ஒட்டிக்கொண்டுதான் வரும், நான்தான் கத்திக்கொண்டு சுரண்டி எடுப்பன். இது சவுக்காரம் போட்டுக் கழுவிக் கிடக்கு, சன்லைற் மணக்குது. நடுவில சாடையாய் வளைஞ்சும் கிடக்கு. இந்த உருக்கு தேயிலை மண்ணில குத்தி வளையாது. பாமன்கடை வேர்க்ஷொப்பில நான் சொல்லிச் செய்விச்ச சாமான், எனக்குத் தெரியும்.

றைவரைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி குடுத்துக் கேட்டன். கோப்பையைக் கையில எடுக்கேல்லை. "மிஸ், அந்த மனுசன்ட வலது கை முழங்கைக்குக் கீழ வேற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது" எண்டு மட்டும் சொன்னார். கானுக்க விழுந்தால் கை அப்பிடி முறியாது.

என்ன செய்தனி? எனக்கு உண்மையை எழுது. நான் உன்ட அக்கா. ஒரு கட்டிலுக்குக் கீழ கிடந்த ஆக்கள் நாங்கள். மூண்டு நாளாய் அந்த மனுசன் கண் முழிக்கவேணும் எண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறன். சொல்லேக்க நடுவில எனக்கு நான் எழுதின வரிதான் ஞாபகம் வருது.

இமெல்டா


கொட்டாஞ்சேனை
2025 யூன் 12, வியாழன்

அக்கா,

கிளைவ் இதைக் கொண்டு வந்து உன்ட கையில தருவான். அவன் எங்களுக்கு மச்சான் முறை எண்டபடியால்தான் மேல் அறையைத் தந்தவன். நான் என்னத்துக்கு ஒளிக்கிறன் எண்டு அவனுக்குச் சரியாய்த் தெரியாது. ஓட்டோவில ஆரோ இடிச்சது எண்டு சொல்லியிருக்கிறன்.

சுடலைமுத்து செவ்வாய்க்கிழமை விடியச் செத்துப்போனான்.

செய்தி வந்ததும் முதல் வந்தது பொம்பிளையள்தான். கவ்வாத்துக் கத்தியோட, கொழுந்துக் கூடையோட, வேலையால நேர வந்தாளவை. பழனியம்மா வரேல்லை. மற்ற எல்லாரும். என்ட அறைக் கதவைக் கொத்திப் பிரிச்சு, என்னைக் காலில பிடிச்சுப் படிக்கட்டால இழுத்தாளவை. தலை ஒவ்வொரு படியிலயும் இடிச்சது, ஒன்பது படி. பிறகு ஆம்பிளையள். கல்லால, பூட்சால, கையால. ரெண்டு பல்லுப் போச்சு. இடக் கண் திறக்கேலாது. மூத்திரம் ரத்தமாய்ப் போகுது. மூட்டத்தை உடைச்சு, கரிக் குவியலுக்கு நெருப்பு வைச்சாங்கள். கல்லுமாச் சாக்கு எல்லாத்தையும் கிழிச்சுக் கொட்டினதில மலை முழுக்கச் சாம்பல் நிறப் புகார் மாதிரிக் கிடந்தது. அதுக்குள்ளால தவழ்ந்துதான் றோட்டுக்கு வந்தனான். இல்லாட்டி முடிச்சிருப்பாங்கள்.

உண்மை கேட்டாய். சரி, வாசி.

நான் செடிக்குப் பின்னால இருந்தன். அவன் குந்தி இருந்து போட்டுக்கொண்டிருந்தான், ஏதோ குழந்தைக்குச் சோறு தீத்துற மாதிரி. எனக்கு உன்ட கடிதம்தான் கண்ணுக்க. டில்ஷானி மிஸ் உன்னைக் கேட்ட கேள்விதான் காதுக்க. குழாய் கையில இருந்தது. முதல் அடி அவன்ட வலக் கையில. எலும்பு முறிஞ்சது எனக்குக் கேட்டது. அவன் கத்தேல்லை, அக்கா. "சார், மாவு கொட்டிரும்" எண்டு கூடையைப் பார்த்தான். அதுதான் எனக்கு இன்னும் விசரை ஏத்தினது. ஏன் எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியேல்லை. ரெண்டாவது தோளில. மூண்டாவது எங்க பட்டது எண்டு தெரியாது. விழுந்தான், கானுக்க கல்லில தலை. நான் அதுக்குப் பிறகும் ஒண்டு அடிச்சன்.

இப்ப நான் சொல்லுறதைக் கவனமாய்க் கேள். உன்ட சாம்பிள் கொப்பியில ரெண்டாம் திகதிக்கும் ஏழாம் திகதிக்கும் நடுவில ஒரு வரி வெறுமையாய் இருக்கும். பெட்டி பிந்தி வந்தால் எழுதவெண்டு நீ எப்பவும் ஒரு வரி விடுறனி. அதில எழுது: யூன் 6, வெள்ளி, பகல் 12.30, பிறெடி நேரில் கொண்டு வந்தார். கையெழுத்து வை. அந்த நேரம் நான் உன்ட லாபில நிண்டன் எண்டு ஆகும், உன்ட கையெழுத்தை ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம். ஏழாம் திகதிக் கடிதத்தையும் இதையும் எரி. குழாயைக் கடலில போடு, உனக்கு றெயில் பாதையைத் தாண்டினால் கடல்.

மாட்டன் எண்டு சொன்னால், உன்ட ரெண்டாம் திகதிக் கடிதம் என்ட பொக்கற்றில கிடக்கு. கையை முறிச்சு விடு எண்டு எழுதினது நான் இல்லை. நான் உள்ளுக்க போனால் நீயும் வருவாய். உன்ட பதினேழு வருசமும் போகும். நீ வாயால சொல்லுவாய், நான் கையால செய்யவேணும், பிறகு நான் மட்டும் தூக்கில தொங்கவேணுமோ?

ஒரு வரிதான் கேக்கிறன்.

பிறெடி


கொட்டாஞ்சேனை
2025 யூன் 16, திங்கள், காலமை பத்து மணி

என்ட தம்பி,

வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போனனான். அண்டைக்கு அந்தோனியார் திருநாள். கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போற சனத்துக்குள்ளால கோட்டைக்குப் போய் அவிசாவளை பஸ் எடுக்கவே ரெண்டு மணித்தியாலம் போச்சு. ஒவ்வொரு வருசமும் நாங்கள் ரெண்டு பேரும் சேந்து தேருக்குப் பின்னால போறனாங்கள். இந்த முறை அந்தச் சனத்தை இடிச்சுக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தன்.

அவை இருக்கிற லயத்து வீட்டு வாசலில பழனியம்மா நிண்டவ. நான் ஆர் எண்டு சொன்னன். அவ என்ட கன்னத்தில ஒண்டு விட்டா. காது இன்னும் கூவுது. இன்னொண்டுக்குக் கையை ஓங்கினா, நான் நிண்டன். பிறகு கையைக் கீழ போட்டுட்டு, "உள்ள வாங்க" எண்டா. அவ சொன்னதை அவ சொன்னபடியே எழுதுறன். சுடலைமுத்து ஏன் போட்டார் எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை.

"நாலு புள்ளைங்க வரிசையா குந்தியிருக்கு. மூணுக்குச் சோத்தப் போட்டுட்டு ஒண்ணப் பாக்க வைக்கிற வீடு வெளங்குமாங்க? அந்த நெரையில கொழுந்து எடுக்கறப்ப எனக்கே மனசு கேக்காது. அதான் அவரு ஒவ்வொரு சாக்கோட அடியிலயும் ஒட்டியிருக்கறத தட்டி எடுப்பாரு. மூட்டத்தப் பிரிச்சதும் கரி சூடா இருக்கறப்பவே அந்த மாவக் கொட்டி, மாட்டு மூத்திரத்தத் தெளிச்சு, கெளறி மூடி வைப்பாரு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கொண்டுபோயிப் போடுவாரு. கம்பனி நேரத்துல ஒரு நாளும் போடலீங்க. தன்னோட சாப்பாட்டு நேரத்துலதான்."

தம்பி, எனக்கு அப்பதான் விளங்கினது. ஒன்பது மாசமாய் நாங்கள் கேட்ட கேள்வி, ரெண்டையும் எப்பிடிச் சேக்கிறது எண்டதுதான். நாங்கள் குளிர்ந்த கரியை ஒரு நாளும் கல்லுமாவை இன்னொரு நாளும் கொண்டுபோய்க் கொட்டினனாங்கள். அந்த மனுசன் சூட்டோட சேத்தார். அதாலதான் நாலாம் நிரை மூண்டாம் நிரையை வெண்டது எண்டு நினைக்கிறன். ஒரு நிரையை வைச்சு நிச்சயமாய்ச் சொல்லேலாது, திரும்பச் செய்து பாக்கவேணும். செய்து காட்டக்கூடிய ஆள் இப்ப இல்லை. கேட்டிருந்தால் சிரிச்சுக்கொண்டு சொல்லித் தந்திருப்பார். ஒண்டும் விளங்கப்படுத்தாதை, கதை வேண்டாம் எண்டு எழுதினது நான். அது அளவுகோல், பட்டினி போடேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவர் அந்தக் கூடையைத் தூக்கியிருக்கமாட்டார்.

வாயால ஒருத்தருக்கும் எலும்பு முறியாது எண்டு உனக்கு எழுதினனான். முறியும், தம்பி.

கொப்பியில நீ கேட்ட வரி வெறுமையாய்த்தான் கிடக்கு. அப்பிடியே பொலிசிட்டக் குடுத்திட்டன். சனிக்கிழமை சட்டத்தரணி நாகேந்திரத்தோட தோட்டத்துப் பக்கத்துப் பொலிசுக்குப் போனனான். குழாயைக் குடுத்தன். உன்ட ஏழாம் திகதிக் கடிதமும் பன்னிரண்டாம் திகதிக் கடிதமும் குடுத்தன். என்ட ரெண்டாம் திகதிக் கடிதத்தின்ட கார்பன் கொப்பியையும் குடுத்தன். உன்ட பொக்கற்றில இருக்கிறதை வைச்சு நீ இனி என்னைப் பயப்படுத்த ஏலாது. அதில இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் அவைக்கு முன்னால நானே சத்தமாய் வாசிச்சனான். கேள்வி வந்தால் நான் பதில் சொல்லுறன் எண்டு எழுதியிருந்தன். சொல்லிப்போட்டன். என்னையும் வழக்கில சேப்பினம் எண்டு நாகேந்திரம் சொல்லுறார். சேக்கட்டும்.

டில்ஷானி மிஸ்ஸுக்கும் எழுதிக் குடுத்திட்டன், பரிசோதனை கெட்டுப்போச்சு, ஏன் கெட்டது, ஆர் செத்தது எண்டு, சுடலைமுத்துவின்ட பேரைப் போட்டு. நாலாம் நிரையை விட்டிட்டு ரிப்போர்ட்டை எழுது எண்டவ. ஏலாது எண்டன். மேசையில லாப் சாவியை வைச்சிட்டு வந்தனான்.

உன்னில எனக்குக் கோபம் இல்லையோ எண்டு கேட்டால், இருக்கு. அந்த நாலாவது அடிக்கு நான் உன்னை ஒருநாளும் மன்னிக்கப் போறதில்லை. அவர் விழுந்து கிடக்கேக்க அடிச்சது. அதை நான் எழுதேல்லை. அது அப்பாவும் இல்லை. அது நீ. ஆனால் நீ கட்டிலுக்குக் கீழ கடிச்ச கையும் இதுதான், அதையும் என்னால வெட்டி எறிய ஏலாது.

நீ இருக்கிற விலாசத்தைப் பொலிசுக்குக் குடுத்திட்டன். பொய் சொல்லி உன்னை வெளியில கூப்பிட எனக்கு மனமில்லை, அதால முன்கூட்டியே சொல்லுறன். பன்னிரண்டு மணிக்குள்ள நீயாய் வந்தால் நல்லது எண்டு நாகேந்திரம் அவையிட்ட நேரம் கேட்டு வாங்கியிருக்கிறார். அதுக்குப் பிறகு அவை வருவினம். கிளைவ்ட பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வாறதுக்கு முதல் நீ அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டிடு. கண்ணுக்கும் பல்லுக்கும் மருந்து போடவேணும், டொக்டரிட்டக் காட்டச் சொல்லிப் பொலிசுக்கு ஏற்கனவே எழுதிக் குடுத்திருக்கிறம். கையைக் கழுவி, நல்ல சேட்டு ஒண்டு போட்டுக்கொண்டு வா.

நான் கொட்டாஞ்சேனைப் பொலிசுக்கு முன்னால இருக்கிற பெஞ்சில இருந்துதான் எழுதுறன். கிளைவ் ஓட்டோவோட பக்கத்தில நிக்கிறான், இப்ப எல்லாம் அவனுக்குத் தெரியும். இதை உன்னட்டத் தந்திட்டு வாசலில நிப்பான். ஏறி வா. நடந்து வாறதெண்டாலும் வா.

உள்ளுக்க போனால் எத்தினை மணிக்குச் சாப்பாடு தருவினமோ தெரியாது. மூலைக் கடையில மீன் அடைச்ச மாலு பாண் ரெண்டு வாங்கி வைச்சிருக்கிறன். இன்னும் பிரிக்கேல்லை.

அக்கா